அக்கா தராத சான்றிதழ்

1

சென்ற திங்கட்கிழமை மாலை நாலு பத்துக்கு வேலை முடிந்து வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். கல்லூரியின் வெள்ளை உறை ஒன்று கிடந்தது. சப்பாத்தைக் கழற்றாமல், குடையை மடக்காமல், வாசலில் நின்றபடியே பிரித்து வாசித்தேன். நோர்வே நாட்டுப் பாடசாலைகளில் சைகைமொழி உரைபெயர்ப்பாளராக வேலை செய்யும் தகுதியை நான் பெற்றுவிட்டேன் என்று இருந்தது. கீழே இரண்டு கையொப்பங்கள், நீல மையில் ஒரு முத்திரை.

எனக்கு வயது நாற்பத்தாறு. பேர்கன் நகரத்துக்கு வந்து இருபத்தொரு வருடமாகிறது. நீண்ட காலம் ஒரு முன்பள்ளியில் உதவியாளராக இருந்தேன். காது கேளாத ஒரு சிறுமி அங்கே வந்து சேர்ந்தாள். முதல் நாளே என் கைகள் அவளோடு பேசத் தொடங்கிவிட்டன. அதைப் பார்த்த மேலாளர், "இதை நீ முறையாகப் படித்தால் என்ன?" என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கியது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "கையக் காட்டுறதுக்கு மூணு வருசப் படிப்பா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2

முதல் வருடம் மொழி மட்டும். நோர்வேச் சைகைமொழிக்கும், நானும் காது கேளாத என் அக்காவும் இலங்கையில் எங்கள் பெரியகல்லாற்று வீட்டில் கட்டிக்கொண்ட கைப்பேச்சுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் வீட்டில் 'முடிந்தது' என்பதற்கு உள்ள கை, அங்கே வேறெதையோ சொன்னது. வகுப்பு சிரித்தது. என்னவென்று கடைசிவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் உரைபெயர்ப்பு. மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. நாளைக்கு என்ன பாடம் என்று இன்றைக்கே ஆசிரியரிடம் கேட்டுப் படித்துக்கொண்டு போக வேண்டும். கை தெளிவாகத் தெரியக் கோடு, பூ இல்லாத ஒற்றை நிறச் சட்டை போட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கூட வரும் மற்ற உரைபெயர்ப்பாளர் நம்மை மாற்ற வேண்டும். அதற்கு மேல் கை ஓடும், மூளை ஓடாது. ஒரு பிள்ளைக்காக இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்திருப்பதை முதன்முதல் பார்த்த அன்று, இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நாட்குறிப்பில் 'இரண்டு பேர்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமான விதி வேறு. ஆசிரியர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே காட்ட வேண்டும். 'ஆசிரியர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பிள்ளைக்கு எது நல்லது என்று தீர்மானிப்பது உரைபெயர்ப்பாளரின் வேலை அல்ல.

கல்லூரியில் சேரும் விண்ணப்பப் படிவத்தில், 'முன் அனுபவம்: நிறுவனம், இடம், காலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிறையத் தரம் யோசித்துவிட்டு, 'அக்கா, பெரியகல்லாறு, நான்கு வருடம்' என்று எழுதினேன். பத்து நாளில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"இந்த 'அக்கா' என்பது அரச நிறுவனமா, தனியாரா?"

"என் மூத்த சகோதரி."

கொஞ்ச நேரம் தட்டச்சு செய்யும் சத்தம். "தனியார்" என்று சொல்லி வைத்துவிட்டார். படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் என் நன்றி.

3

அக்காவின் பெயர் சுகிர்தா. என்னைவிட ஒரு வயதும் நான்கு மாதமும் மூத்தவர். பேச்சு வருவதற்கு முன்பே காய்ச்சல் வந்து காது கேளாமல் போய்விட்டது. எங்களூர்ப் பாடசாலையில் காது கேளாதவர்களுக்கென்று வகுப்பு இல்லை. பட்டணத்துக்கு அனுப்பிப் படிப்பிக்கும் காலமும் இல்லை. அது சண்டைக் காலம்; காலையில் போன பஸ் மாலையில் வருமா என்பது யாருக்கும் தெரியாது. அதிபர் ஒரு வழி சொன்னார்: "தங்கச்சிக்குப் பக்கத்தில இருக்கட்டும். தங்கச்சி சொல்லிக் குடுக்கட்டும்." அப்படி எட்டாம் வகுப்பிலிருந்து அக்காவும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம்.

எல்லாருக்கும் அக்கா கையால் ஒரு பெயர் வைத்திருந்தார். நான் எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன் என்பதால், உள்ளங்கையில் விரலால் கிறுக்கிக் காட்டினால் அது நான். கணக்குப் படிப்பித்த சேருக்கு மூக்கில் வழுகும் கண்ணாடியை ஏற்றிவிடும் விரல். வகுப்புப் பிள்ளைகள் எங்கள் கைப்பேச்சை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வெடிச் சத்தம் கேட்டு நாங்கள் மேசைக்குக் கீழே குந்தியிருக்கும்போது, "ஒருத்தரும் மூச்சுக் காட்டப்படாது" என்பார் சேர். மூச்சுக் காட்டாமலே முப்பத்திரண்டு பேரும் கையால் சேரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். கண் மூடினால் எங்கள் பேச்சு அவ்வளவுதான். என் கை அவருக்கு முன்னால் சும்மா காற்றில் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா வாவிக்கு அக்கரையில் எங்கள் வயல் வட்டைக்கு வேளாண்மை பார்க்கப் போய்த் திரும்பி வரவில்லை. அம்மா என்னிடம், "அவளுக்கு இப்ப சொல்லாதகா புள்ள, தாங்க மாட்டாள். மறுகா சொல்லுவம்" என்றார். ஊர் முழுக்க அறிந்து பன்னிரண்டு நாளைக்குப் பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. கெட்டதை வடித்துவிட்டுக் கொடுப்பதுதான் அன்பு என்று எனக்குப் பழகியது அப்போதுதான்.

4

அப்பா போனதற்கு அடுத்த வருடம் நாங்கள் பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பங்கள் கணக்குச் சேரின் பொறுப்பு. அவர் தேற்றாத்தீவிலிருந்து தினமும் சயிக்கிளில் வருவார். நல்ல மனிதர், கடும் வாய். ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடம் முடிய எங்கள் இருவரையும் விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"புள்ள, உன்ட கொக்காவுக்கு ஃபோம் போட வேணாம். கணக்கு அவளுக்கு ஏறாது. பெயில் விட்டா பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேர். ஒரு தையல் மிசினை எடுத்துக் குடுக்கச் சொல்லு அம்மாட்ட. அவளுக்கு அதுதான் சரி. சொல்லு."

அக்கா அவருடைய வாயையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை எழுத வேண்டும், எழுதி ஒரு வேலை எடுத்து அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் அக்காவின் கை வேறொன்றும் பேசியதில்லை. நான் காட்டினேன்: "கணக்கை இன்னும் கூடச் செய்யட்டாம். முயற்சி செய் என்கிறார்."

அக்காவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து சேருக்கு நன்றி சொன்னார். சேருக்கும் நிம்மதி. "நல்ல புள்ள" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேரோடு பேச வைக்கலாம், அதுவரை அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் அக்கரையில் சண்டை தொடங்கியது. பாடசாலை பத்து நாள் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. முப்பத்தொரு பெயர். என் பெயர் பதினேழாவது. அக்காவின் பெயர் இல்லை.

அக்கா மேலிருந்து கீழே மூன்று தரம் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு நேரே வகுப்புக்குப் போனார். சேர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி, 'எனது பெயர் எங்கே?' என்று எழுதினார். சேர் என்னைத் திரும்பிப் பார்த்து வாய் திறந்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. வெண்கட்டியைச் சேரிடம் நீட்டினார்.

சேர் எழுதினார்: 'வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். நீயும் சரி என்றாய்.'

அதை எழுதிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். "புள்ள, நீ சொல்லல்லயா? அவள் சிரிச்சாளே. கும்பிட்டாளே. சம்மதம் எண்டுதானே நான் நினைச்சன்?"

வகுப்பில் ஒருவரும் பேசவில்லை, கையாலும்.

பதினான்கு வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுவது என் பழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் சேர் சொன்னது ஒரு சொல் குறையாமல் இருந்தது. அக்காவுக்குச் சொல்லாததைக் கொப்பிக்குச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தக் கொப்பியை எடுத்தார். தையல் மிசின் வரைக்கும் வாசித்தார். பிறகு என் பேனையை எடுத்து, அடியில் ஒரு வரி எழுதினார்:

'நான் இதற்குச் சிரித்தேன்.'

கொப்பியை மூடி என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

5

முப்பத்தொன்பது நாள். சாப்பிடும்போது, கிணற்றடியில், பாடசாலைக்கு நடக்கும்போது, என் கை உயர்ந்தால் அக்காவின் கண் மூடும்.

அந்த நாட்களில் அசைந்தவர் சேர்தான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றுகொண்டே, தான் சொல்ல வேண்டியதைத் துண்டுக் கடதாசியில் எழுதி அக்காவிடம் கொடுத்தார். அடுத்த வருடம் போகும் முதல் விண்ணப்பம் அக்காவுடையது; பரீட்சை மண்டபத்தில் வாயால் சொல்லும் அறிவித்தல்களை அக்காவுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்று பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்; அக்கா நேரில் வர வேண்டும்.

அலுவலகத்தில் எல்லாரும் வாயால் பேசுவார்கள். அக்கா அன்று மாலை என் தோளைத் தொட்டுத் திருப்பினார். கண் திறந்திருந்தது.

"நீயும் வா. அவங்க ஏசினா ஏச்சு, நாய் குரைச்சா குரைப்பு, எல்லாம் எனக்கு வேணும். எது எனக்குக் கூடாதெண்டு நான் பாத்துக்கொள்ளுவன்."

சேரும் நாங்களுமாக மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். இரண்டு சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நடந்து, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறினோம். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"காது கேளாத, வாய் பேசாத புள்ளைக்கு என்னத்துக்கு ஐசே சோதினை?"

சேர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு அக்காவுக்கு அப்படியே காட்டினேன். அக்கா பதில் காட்டினார், நான் குரலில் சொன்னேன்:

"என்னத்துக்கெண்டு எழுதிப் பாத்தாத்தானே சேர் தெரியும்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். யார் சொன்னது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "சரி, நீ மொழிபெயர்க்கிறாய். உன்னட்ட என்ன தகுதி இரிக்கு? ஒரு சேட்டிபிக்கற் இரிக்கா?"

என்னிடம் ஒன்றும் இல்லை. அதையும் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"அவளுக்குச் சேட்டிபிக்கற் நான்தான் குடுக்கணும். இன்னும் குடுக்கல்ல. பாத்துத்தான் குடுப்பன்."

என்னைப் பற்றி அக்கா சொன்னதை என் வாயாலேயே சொன்னேன். மேசைக்காரர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அறிவித்தல்களை எழுத்தில் கொடுக்கும்படி மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் தரலாம் என்றார். அடுத்த வருடம் அதைத் தரவும் செய்தார்.

அந்த ஒரு வருடம் சேர் ஒவ்வொரு கணக்கையும் வழியோடு பலகையில் எழுதினார். வகுப்புக்கு முதுகு காட்டிப் பேசுவதை விட்டார். நான் உயர்தர வகுப்புக்குப் போய்விட்டேன்; ஓய்வுப் பாடங்களில் ஓடிவந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பேன். பெறுபேறு வந்த அன்று சேர் சயிக்கிளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார். கணக்கில் சி, நல்ல தேர்ச்சி. "என்ட வாயப் பொத்த வெச்சிட்டாள்" என்றார். அதையும் அக்காவுக்குக் காட்டினேன். அக்கா மறுபடி கை கூப்பினார், இந்த முறை அவர் உண்மையாகச் சொன்னதற்கு.

இன்று அக்கா மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு பாடசாலையில், காது கேளாத பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியை.

6

இவ்வளவும் அனுபவித்த நான், கல்லூரியின் இறுதிச் செய்முறைப் பரீட்சையில் முதல் தரம் தவறினேன்.

வகுப்பறை போல ஓர் அறை. ஆசிரியராக நடித்த பெண், காது கேளாத மாணவனாக நடித்த இளைஞனிடம் சொன்னார்: "உன்னால்தான் இந்த வகுப்பு பிந்துகிறது. இந்தப் பாடம் உனக்கு வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்." என் கை சொன்னது: "கொஞ்சம் வேகமாகச் செய்யப் பார்."

நான் நினைத்துச் செய்யவில்லை. செய்து முடித்த பிறகுதான் கண்டேன். பரீட்சகர் பெரித், தானே காது கேளாதவர். மடியில் அந்த வசனம் எழுத்தில் இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கேட்டார்: "மிச்சம் எங்கே போனது?"

அன்று பஸ்ஸில் அழுதேன். நன்றி பிறகுதான் வந்தது. அடுத்த வாரம் பெரித்திடம் போய், விறாந்தை, பட்டியல், கொப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் பார்த்தார்.

"அப்படியானால் இந்தப் பிழையில் உங்களுக்கு முப்பது வருட அனுபவம். மற்ற மாணவர்களுக்கு மூன்று வருடம்தான்" என்றார். பிறகு, ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் தன் மதிய உணவு நேரத்தை எனக்குத் தந்தார். எனக்குக் காட்டவே கூசுகிற வசனங்களாக எழுதிக்கொண்டு வருவார். என் நெஞ்சைத் தொட்டு, 'நான்' என்று தொடங்கி, அவற்றைக் காட்டிக் காட்டிப் பழகினேன். இரண்டாம் தரம் தேறினேன்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை பத்து, அங்கே பிற்பகல் இரண்டரை. நானும் அக்காவும் திரையில் பேசும் நேரம். கடிதத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று அக்காவின் கை கேட்டது. வரிக்கு வரி சொன்னேன். முத்திரையையும் சொன்னேன்.

"நல்லம்கா தங்கச்சி. இது அவங்கட சேட்டிபிக்கற். என்ட இன்னும் வரல்ல." தன் பகிடிக்குத் தானே தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்த நேரம் என் மகள் மீரா கையில் பாண் துண்டோடு எனக்குப் பின்னால் போனாள். பதினேழு வயது. தமிழ் அரைவாசி விளங்கும். பேச வராது, அல்லது பேச மாட்டாள். அக்கா அவளைக் கூப்பிடச் சொன்னார்.

"மார்கழி லீவுக்கு வாறாயா எண்டு கேள்."

கேட்டேன். மீரா வாயிலிருந்த பாணை மென்று முடித்துவிட்டு நோர்வே மொழியில் சொன்னாள்: "போன தடவை வந்தபோது எல்லாரும் என் முன்னால் நின்றே என்னைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்தார்கள். பாதி விளங்கியது, அதுவே போதும். எனக்கு அங்கே வர விருப்பமில்லை."

நான் அக்காவின் பக்கம் திரும்பி, "படிப்பு கூடவாம். சோதினையாம்" என்று காட்டினேன்.

அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மீராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையில் கிறுக்கினார். என் பெயர்.

"சோதினைக்குப் புள்ளைட முகம் இப்பிடியா இரிக்கும்? அந்தக் கடிதத்தை மடிச்சு வெச்சிட்டு முழுசாச் சொல்லு."

மேசையில் கடிதம் கிடந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெஞ்சைத் தொட்டு, 'நான்' என்று தொடங்கினேன். போன தடவை நான் வந்தபோது. என் முன்னால் என்னைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அங்கே வர விருப்பமில்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன் அந்த வீட்டை விட்டு வந்த நான், என் நெஞ்சில் கை வைத்து என் அக்காவுக்கு அதைக் காட்டினேன். அவருடைய கண் எப்போது மூடும் என்று பார்த்திருந்தேன்.

மூடவில்லை. அக்கா மீராவைப் பார்த்து, மெதுவாக, பெரிதாக, கைகளை எடுத்தார். நான் நோர்வே மொழியில், 'நான்' என்றே சொன்னேன்:

"எனக்கு முன்னால் நின்று என்னைப் பற்றிப் பேசுகிற ஆட்களோடுதான் நான் நாற்பத்தேழு வருடமாக இருக்கிறேன். உனக்குப் பாதியாவது விளங்குகிறது. நீ வா. என் பக்கத்தில் இரு. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நீ எனக்குச் சொல்லு. இரண்டு பேருமாகச் சிரிப்போம்."

மீரா கையிலிருந்த பாண் துண்டை மேசையில் வைத்தாள்.

அக்கா முடிக்கவில்லை. "உன் அம்மாவிடம் கேட்டு ஒன்றும் நம்பாதே. கெட்டதை எல்லாம் வெட்டிவிட்டுத்தான் தருவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

என் வாயால், என் மகளுக்கு, என்னைப் பற்றி. ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். 'பட்ட பாடு' என்பதற்கு நோர்வே மொழியில் சரியான சொல் தேடக் கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான்.

மீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது உண்மையா?"

"ஓம்" என்றேன்.

அவள் ஒரு கதிரையை இழுத்து வந்து எனக்குப் பக்கத்தில் போட்டாள். 'பக்கத்தில் இரு' என்பதற்கு அக்கா எந்தக் கையைக் காட்டினார் என்று கேட்டாள். நான் சொல்வதற்கு முன்பே திரையில் அக்கா மறுபடி காட்டினார். வருவாளா, மாட்டாளா என்று அவளிடம் கேட்கவில்லை. அது என் வேலை அல்ல.